ஷோல் வீட்டு முதுசொம்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவருடைய ஆதனங்களை மூன்று பெயரிட்டு வகுத்தது. முன்னோர்வழி வந்தது முதுசொம். மணமகளுக்குக் கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்த காலத்தில் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவ்வழமையைத் தொகுத்து எழுதுவித்தபோது, இன்ன ஆதனம் இன்னாருக்குச் சேரும் என்பது ஏட்டில் ஏறிற்று. ஆயினும், பெற்றோரிடத்தில் இருந்த மனச்சான்று பிள்ளைகளை எவ்வழியாற் சென்றடைகின்றது என்பதனை அந்த வழமையும் சொல்லவில்லை. வேறெந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. அது முதுசொமா, தேடியதேட்டமா? இவ்வினாவை மனத்திருத்தி நோக்கத் தக்க குடும்பம் ஒன்று தென் ஜேர்மனியில், டான்யூப் நதிக்கரையிலுள்ள உல்ம் நகரில் வாழ்ந்தது.

அக்குடும்பத்துப் பிள்ளைகளுள் இருவர் ஹான்ஸ் ஷோல், சோபி ஷோல் என்போர். மியூனிக் பல்கலைக்கழக மாணவராகிய அவ்விருவரும், 'வெள்ளை ரோசா' என்னும் பெயரால் ஹிட்லரின் ஆட்சிக்கு எதிராகத் துண்டுப் பிரசுரங்களை எழுதிப் பரப்பினர் என்பதற்காக, 1943ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டனர். ஹான்சுக்கு அப்பொழுது வயது 24, சோபிக்கு 21. அவர்களுடைய பெயர்கள் இன்று ஜேர்மனியின் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் சூட்டப்பட்டிருக்கின்றன. அவர்களைப் பெற்றவர்களைப் பற்றியோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

தந்தையார் ரொபேர்ட் ஷோல், 1891ஆம் ஆண்டில் வூர்ட்டம்பேர்க் நாட்டுப்புறத்திற் பிறந்தவர். முதலாம் உலக யுத்தம் மூண்டபோது தேசமெங்கும் போர்வெறி தலைக்கேறி நின்றது. போதகர்களும் பேராசிரியர்களும் பீரங்கிகளை வாழ்த்தினார்கள். அக்காலத்தில் ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாது, படையின் மருத்துவப் பிரிவிற் பணியாற்றிய மிகச் சிலருள் ரொபேர்ட்டும் ஒருவர். அங்கே ஓர் இராணுவ வைத்தியசாலையில் அவர் கண்டு மணந்தவரே மக்டலேனா. இவர் கணவரிலும் பத்து வயது மூத்தவர். புரட்டெஸ்தாந்துத் திருச்சபையின் பணிமகளிர் சங்கத்திற் சேர்ந்து, நோயாளரைப் பராமரிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த தாதி. 1916ஆம் ஆண்டில் திருமணம் நிகழ்ந்தது.

இருவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். அன்னையார் வேதாகமத்தை நாடோறும் ஓதுபவர். செபமின்றி அவருக்கு நாள் விடிவதில்லை. தந்தையாரோ தேவாலயத்திற்கு அதிகம் செல்லாதவர், தாராளக் கொள்கையினர், செய்தித்தாளும் அரசியலும் கேதேயின் கவிதையும் அவருக்கு உகந்தவை. ஒருவரிடம் விசுவாசம், மற்றவரிடம் நியாய உணர்வு. ஒரு வீட்டில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அடக்காமல் வாழ்ந்தமை பிள்ளைகளுக்கு வாய்த்த முதற் பேறு எனலாம்.

கோக்கர் ஆற்றங்கரையிலுள்ள போர்க்டன்பேர்க் என்னும் சிற்றூரில் ரொபேர்ட் சுமார் பத்தாண்டுகள் நகரபிதாவாக இருந்தார். புகையிரதப் பாதை அவ்வூருக்கு வரவேண்டும் என்று உழைத்தவர் அவர். புதுமை விரும்பாத ஊரவர் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1932ஆம் ஆண்டில் குடும்பம் உல்ம் நகரில் வந்து குடியேறியது. அங்கே அவர் வரி, கணக்கு ஆகியவற்றில் ஆலோசனை கூறுந் தொழிலை மேற்கொண்டார். இன்கே, ஹான்ஸ், எலிசபெத், சோபி, வேர்னர் என ஐந்து பிள்ளைகள். ஆறாவது குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிட்டது.

1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிப்பீடம் ஏறினான். ஹான்சுக்கு வயது 14, சோபிக்கு 11.

இங்கேதான் இவ்வரலாறு எளிய நீதிக்கதையாகாமல் வழி மாறுகின்றது. தந்தையார் ஹிட்லரை முதல் நாளிலேயே அடையாளங் கண்டார். குழலூதி எலிகளையும் பின்னர் பிள்ளைகளையும் கவர்ந்து சென்ற ஹாமெலின் நகரத்துக் குழலூதியோடு அவனை ஒப்பிட்டு வீட்டிலே பேசினார். தொழிலற்றோருக்குத் தொழில் கிடைத்தது என்று பிள்ளைகள் வாதாடியபோது, அத்தொழிற்சாலைகளில் உருவாவன யாவை, அவை எதற்குப் பயன்படும் என்று திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் கேட்டார்களா? கேட்கவில்லை. தந்தையின் விருப்பத்துக்கு நேர்மாறாக ஹான்ஸ் அவ்வாண்டே ஹிட்லர் இளைஞர் இயக்கத்திற் சேர்ந்தான். இன்கே சேர்ந்தாள். 1934ஆம் ஆண்டில் சோபியும் சிறுமியர் பிரிவிற் சேர்ந்தாள். சேர்ந்ததோடு நின்றுவிடவும் இல்லை. ஒவ்வொருவரும் சிறு சிறு அணிகளுக்குத் தலைமை பூண்டார்கள். ஹான்ஸ் தன் அறையில் ஹிட்லரின் படத்தை மாட்டுவதும், மாலையில் வீடு திரும்பும் தந்தையார் அதனைக் கழற்றி வைப்பதும், மகன் மறுபடி மாட்டுவதுமாகச் சில காலம் நடந்ததென்பர். 1935ஆம் ஆண்டில் நூரெம்பேர்க் நகரில் நடந்த கட்சிப் பெருவிழாவிற் கொடி தாங்கிச் செல்லவும் ஹான்ஸ் தெரிந்தெடுக்கப்பட்டான்.

ரொபேர்ட் ஷோல் பிள்ளைகளோடு வாதாடினார், தடுத்து நிறுத்தவில்லை. தந்தை என்ற அதிகாரத்தால் தடுத்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அக்காலத்து ஜேர்மனியில், வகுப்பு முழுவதும் ஒரு திசையிற் செல்லும்போது ஒரு பிள்ளையைக் கட்டி வைப்பது என்ன விளைவைத் தரும் என்பதனை ஆசிரியத் தொழில் செய்தவர் எவரும் அறிவர். தடுக்கப்பட்ட பிள்ளை வீட்டிலே மௌனமாகி, வெளியிலே இரட்டிப்பு வேகங் கொள்ளும். இந்த வீட்டிலோ உணவு மேசையில் வாதம் ஓயவில்லை. மகன் தந்தையை மறுத்துப் பேசலாம். தந்தை மகனை மறுத்துப் பேசலாம். பேசியதற்காக எவரும் வெறுக்கப்படவில்லை. வெளியே ஒரு தேசம் முழுவதும் ஒரே குரலிற் பேசப் பழகிக்கொண்டிருந்த காலத்தில், மறுத்துப் பேசும் பழக்கம் இவ்வொரு வீட்டில் உயிரோடிருந்தது. அதனை முதலிற் பிள்ளைகள் தந்தைக்கு எதிராகவே பயன்படுத்தினார்கள் என்பதுதான் விந்தை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. நூரெம்பேர்க் விழாவிலிருந்து ஹான்ஸ் சோர்ந்த முகத்தோடு திரும்பினான். தான் விரும்பிய பாட்டுகளைப் பாடக்கூடாது, தான் விரும்பிய நூல்களைப் படிக்கக்கூடாது என்று மேலிடம் கட்டளையிட்டபோது அவனுக்கு மூச்சு முட்டியது. தடை செய்யப்பட்டிருந்த சுதந்திர இளைஞர் குழுவொன்றின் வழக்கங்களை அவனும் நண்பர்களும் இரகசியமாகப் பேணினர். 1937ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இரகசியப் பொலிசார் ஷோல் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்கள் சோதனையிடத் தொடங்கியபோது, அன்னையார் கையிற் கூடையோடு வந்து, பாண் வாங்கச் செல்லவேண்டும் என்று பணிவாகச் சொல்லி வெளியேறினார் என்றும், பையன்களின் அறையிற் கிடந்த ஆபத்தான தாள்கள் அக்கூடையினுள்ளே சென்றன என்றும் மூத்த மகள் பின்னாளில் எழுதினாள். வேதாகமம் ஓதும் அம்மையார் என்று அவரை எளிதாக எண்ணிவிடலாகாது. இன்கேயும் வேர்னரும் ஒரு வாரத்துக்கு மேலாகத் தடுத்து வைக்கப்பட்டனர். சோபியை அன்றே விட்டுவிட்டார்கள். ஹான்ஸ் டிசம்பரில், படைமுகாமிலிருந்தபோதே கைதானான். அடுத்த ஆண்டு பொது மன்னிப்பின்கீழ் அவ்வழக்குக் கைவிடப்பட்டது.

இதன்பின் தந்தையின் சொற்களுக்குப் புதிய எடை உண்டாயிற்று. பிள்ளைகள் நேராகவும் சுதந்திரமாகவும் வாழ்வதைக் காண்பதே தம் ஆசை, அது எத்துணைக் கடினமாயினும் ஆகுக என்று ஒரு மாலை உலாவின்போது அவர் சொன்னதனை அவர்கள் மறக்கவில்லை. சகல வல்லமைகளுக்கும் எதிராகத் தளராது நிற்றல் என்னும் கருத்தமைந்த கேதேயின் அடியொன்று தந்தையாரின் வாயில் அடிக்கடி வரும். நாளடைவில் அதன் முதற் சொல்லை மட்டும் உச்சரித்தாலே வீட்டார் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அது குடும்பத்தின் குறிச்சொல்லாயிற்று.

அன்னையின் வழியாக வந்ததும் சிறிதன்று. 1940ஆம் ஆண்டளவில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் நோயாளரையும் அரசாங்கம் வாகனங்களில் ஏற்றிச் சென்று நச்சுவாயுவாற் கொல்லத் தொடங்கியது. அன்னையார் முன்னே சேர்ந்திருந்த பணிமகளிர் சங்கத்தார் நடத்திய இல்லத்திலிருந்தும் அவ்வாறு கொண்டு சென்றார்கள். அச்செய்தி பழைய சகோதரிகள் மூலம் ஷோல் வீட்டை எட்டியது. மறு ஆண்டு கோடையில் மூன்ஸ்டர் நகரத்துக் கத்தோலிக்க மேற்றிராணியார் கலன் அக்கொலைகளைப் பிரசங்க பீடத்திலிருந்து வெளிப்படையாகக் கண்டித்தார். அப்பிரசங்கங்களின் படிகள், அனுப்பியவர் பெயரின்றிப் பல வீடுகளின் தபாற் பெட்டிகளில் விழுந்தன, உல்மிலும் விழுந்தன. ஒரு பிரதி யந்திரம் இருந்தால் எவ்வளவு செய்யலாம் என்ற எண்ணம் ஹான்சின் மனத்தில் அப்போதே முளைத்ததென்பர்.

1942ஆம் ஆண்டிலே தந்தையார் தாமே அகப்பட்டார். ஹிட்லர் மனுக்குலத்தின்மேல் இறைவன் வீசிய சவுக்கு என்றும், யுத்தம் விரைவில் முடியாவிட்டால் இரண்டாண்டுகளில் ரஷ்யர் பேர்லினில் இருப்பர் என்றும் தம் அலுவலகத்தில் அவர் சொன்னார். அங்கே பணிபுரிந்த ஒருவர் அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தார். ஓகஸ்ட் மாதத்தில் விசேட நீதிமன்றம் நான்கு மாதச் சிறை விதித்தது. அவர் உல்ம் சிறைச்சாலையில் இருந்த நாட்களில், சோபி மாலை வேளையிலே மதிலோரத்துக்குச் சென்று, எண்ணங்களுக்குத் தளையில்லை என்னும் பொருளுடைய பழைய நாட்டார் பாட்டின் இசையைப் புல்லாங்குழலில் வாசித்தாள் என்பது குடும்பத்தார் வழங்கிய செய்தி.

அதே காலத்தில் ஹான்சும் வேர்னரும் ரஷ்யப் போர்முனையில் இருந்தனர். போர்வீரர்களான மகன்மார் கருணை மனு எழுதினால் தந்தையின் தண்டனை குறையக்கூடும் என்று அன்னையார் கடிதம் விடுத்தார். ஹான்ஸ் எழுத மறுத்தான். கருணை கேட்டுத் தாழமாட்டேன், பொய்ப் பெருமிதம் உண்டு, மெய்ப் பெருமிதமும் உண்டு என்னுங் கருத்துப்படத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தான். மகன் தந்தைக்குச் செய்த உதவி இதுதானா என்று கேட்கத் தோன்றும். தாயின் கண்ணீரை நினைத்தால் அது கொடுமையாகவே தோன்றும். எனினும், தந்தை எந்த நிமிர்வைக் கற்பித்தாரோ அந்த நிமிர்வைத்தான் மகன் அந்நேரம் தந்தையின் செலவிலே காத்துக்கொண்டான்.

இவ்வேளையில் பெற்றோர் அறியாத காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஜூன் பிற்பகுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில், ஹான்சும் அவன் நண்பன் அலெக்சாண்டர் ஷ்மொரலும் நான்கு துண்டுப் பிரசுரங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் சுமார் 100 படிகள் எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். போலந்தில் யூதர் இலட்சக்கணக்கிற் கொல்லப்படுவதை அவற்றுள் ஒன்று வெளிப்படையாகக் கூறிற்று. மே மாதத்திலே மியூனிக் வந்து சேர்ந்திருந்த சோபியும், கிறிஸ்தோப் புரோப்ஸ்ட், வில்லி கிராவ், பேராசிரியர் குர்ட் ஹூபர் என்போரும் பின்னர் இணைந்தனர். இவர்களுள் கிராவ் ஹிட்லர் இளைஞர் இயக்கத்தில் ஒருபோதும் சேராதவன். சேர்ந்த நண்பர்களின் பெயர்களைச் சிறுவயதிலேயே தன் குறிப்பேட்டில் வெட்டியவன். ஷோல் பிள்ளைகள் அவ்வாறு சொல்லிக்கொள்ள முடியாது. அவர்கள் சென்று, பார்த்து, திரும்பி வந்தவர்கள்.

1943ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்தாவது பிரசுரம் ஆயிரக்கணக்கிற் பரவியது. ஸ்டாலின்கிராட் வீழ்ச்சிக்குப்பின் ஆறாவது எழுதப்பட்டது. பெப்ரவரி 18ஆம் திகதி பல்கலைக்கழக மண்டபத்தில் அதனை வைத்துவிட்டு எஞ்சிய படிகளை மேன்மாடத்திலிருந்து கீழே தள்ளியபோது, அண்ணனும் தங்கையும் பிடிபட்டார்கள். நான்காம் நாள், திங்கட்கிழமை, பேர்லினிலிருந்து வந்த நீதிபதி ரோலண்ட் பிரைஸ்லரின் முன் அவர்களும் புரோப்ஸ்டும் நிறுத்தப்பட்டனர்.

நண்பர்கள் மூலம் செய்தியறிந்த பெற்றோர் அன்று காலைப் புகையிரதத்தில் மியூனிக் வந்து சேர்ந்தனர். அவர்களை எவரும் அழைக்கவில்லை. அனுமதிச் சீட்டும் இல்லை. விசாரணை முடியுந் தறுவாயிலே மண்டபத்தினுள் நுழைந்துவிட்டனர். தம் பிள்ளைகளுக்காகத் தாமே பேசவேண்டும் என்று தந்தையார் முன்னே சென்றார். பிரைஸ்லர் அவரை வெளியேற்றக் கட்டளையிட்டான். இதனின் வேறான நீதி ஒன்று உண்டு என்று உரக்கக் கூறிக்கொண்டே அவர் வெளியே சென்றார். ஆறு மாதத்திற்கு முன்னர் தானே தண்டனை பெற்றவர், தொழில் செய்யும் உரிமையையும் இழந்தவர், அந்த மண்டபத்தில் அவ்வாறு சொன்னார் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மகன் அன்று காலை சிறை அறையிலிருந்து புறப்படுமுன், சுவரிலே பென்சிலால் ஓர் அடியை எழுதிவிட்டு வந்திருந்தான். அது கேதேயின் அந்த அடி.

மாலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஸ்டாடல்ஹைம் சிறையிற் பெற்றோர் பிள்ளைகளைக் கண்டார்கள். ஹான்ஸ் சிறையுடையில் வந்தான். எவரிடத்தும் தனக்குப் பகையில்லை என்றான். தந்தையார் அவனைத் தழுவிக்கொண்டார். பின்னர் சோபி வந்தாள். அன்னையார் கொண்டு சென்ற இனிப்புப் பண்டத்தை ஹான்ஸ் மறுத்திருந்தான். சோபியோ மகிழ்ச்சியோடு வாங்கி, தான் மதிய உணவும் உண்ணவில்லை என்றாள். இனி நீ நம் வீட்டு வாசலால் உள்ளே வரமாட்டாயே என்று அன்னையார் சொன்னார். இந்தச் சில ஆண்டுகள் எம்மாத்திரம் அம்மா என்றாள் மகள். இறுதியில், ஏசுவை நினைந்திரு என்பது மட்டும் அன்னைக்குச் சொல்ல முடிந்தது. நீங்களும் அவ்வாறே என்று சோபி, ஏறக்குறையக் கட்டளை போலவே, மறுமொழி கூறினாள். குழந்தையாக மடியிலிருத்தி அன்னை கற்பித்த சொல்லை, மகள் அந்த நேரத்தில் அன்னைக்கே திருப்பிக் கொடுத்தாள். ஐந்து மணியளவில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்து எது சேர்கின்றது என்னும் வினாவுக்கு ஹிட்லரின் அரசாங்கம் தன்னளவில் ஒரு விடை வைத்திருந்தது. அதன் கொள்கைப்படி யாவும் இரத்தத்தின் வழியே செல்லும், குற்றமும் அவ்வாறே. ஆதலால் ஒருவர் குற்றவாளியெனின் அவர் உறவினரையும் பிடித்து அடைத்தார்கள். பிள்ளைகளைப் புதைத்த சில நாட்களிலேயே பெற்றோரும் இன்கேயும் எலிசபெத்தும் சிறை வைக்கப்பட்டனர். பெண்கள் மாதக்கணக்கில் வருந்தியபின் விடுவிக்கப்பட்டனர். தந்தையாருக்கோ மீண்டும் ஒரு வழக்கு. பகைநாட்டு வானொலியைக் கேட்டார் என்பது குற்றம்! 1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாந் திகதிய ஆணைப்படி, வீட்டினுள்ளே ஒரு வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி வேற்று நாட்டுச் செய்தியைக் கேட்பது அங்கே சிறைக்குரியது. கேட்டதனைப் பரப்பினால் மரணமும் நேரலாம். வானொலி கேட்போர் ஒருகணம் நின்று எண்ணத்தக்க செய்தி இது. ரொபேர்ட் சிறை சென்றார். அவர் சிறையிலிருந்த காலத்திலே, 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம், இளைய மகன் வேர்னர் கிழக்குப் போர்முனையிற் காணாமற் போனான். இரண்டு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் வாதாடிய மேசையில் இனி இரு பெண்கள் மட்டுமே.

இக்குடும்ப வரலாற்றைப் பெரும்பாலும் உலகுக்கு அறிவித்தவள் இன்கே. அவளுடைய நூல் 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடன்பிறந்தாள் எழுதியதாகையால் அதில் அன்பின் ஒளி சற்று மிகுதியாகவே விழுந்திருக்கின்றது. ஹான்சும் சோபியும் இளைஞர் இயக்கத்தை விட்டு விலகியது அந்நூல் காட்டுமளவுக்கு விரைவாகவும் தெளிவாகவும் நிகழவில்லை என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் கொண்டு காட்டியுள்ளனர். சோபி 1937ஆம் ஆண்டுக் கைதின் பின்னரும் சில காலம் அணித்தலைவியாக இருந்தாள். பெற்றோரே யாவற்றுக்குங் காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. கார்ல் மூத், தெயடோர் ஹெக்கர் முதலிய கத்தோலிக்க அறிஞர்களின் நட்பும், ரஷ்யாவில் ஹான்ஸ் கண்ணாற் கண்டவையும் அவர்களை உருவாக்கின. இக்குறிப்புகளால் அவர்களுடைய பெருமை குன்றவில்லை. பதினாறு வயதிற் கொடி பிடித்த பையன் இருபத்துநான்கு வயதில் அந்தச் சுவரில் அந்த அடியை எழுதினான் என்றால், இடைப்பட்ட தொலைவு முழுவதையும் அவன் தன் காலால் நடந்தே கடந்திருக்கவேண்டும். முதுசொமாய் வந்ததை மறுபடியும் தேட்டமாகத் தேடிக்கொண்டவர்கள் அவர்கள்.

யுத்தம் முடிந்தபின், 1945ஆம் ஆண்டில், அமெரிக்கப் படையாட்சியினர் ரொபேர்ட் ஷோலை உல்ம் நகரபிதாவாக நியமித்தனர். குண்டுவீச்சால் இடிந்து கிடந்த நகரை அவர் 1948ஆம் ஆண்டுவரை நிர்வகித்தார். அவ்வாண்டுத் தேர்தலில் மக்கள் அவரைத் தெரியவில்லை. போர்க்டன்பேர்க் அனுபவம் மறுபடியும் நேர்ந்தது. 1950களில், மேற்கு ஜேர்மனி மீண்டும் ஆயுதந் தரிக்கலாகாது என்று வாதித்தோருடன் அவர் நின்றார். மக்டலேனா அம்மையார் 1958ஆம் ஆண்டிலும், ரொபேர்ட் 1973ஆம் ஆண்டிலும் காலமாயினர். இன்கே 1946ஆம் ஆண்டில் உல்மில் மக்கள் கல்விக்கழகம் ஒன்றை நிறுவி, முதியோர் கல்விக்குப் பாடுபட்டாள். முதுமையிலும் அணுவாயுத ஏவுகணைகளுக்கு எதிரான அறவழி மறியலிற் கலந்துகொண்டாள். 1998ஆம் ஆண்டில் மறைந்தாள்.

இன்னும் ஒருவரைச் சொல்லவேண்டும். சோபிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பிரிட்ஸ் ஹார்ட்னாகல் படைத்தொழிலையே வாழ்க்கையாகத் தெரிந்தெடுத்த அதிகாரி. யுத்தத்தைப் பற்றிச் சோபி கடிதத்திற் கடிதமாக அவரோடு வாதாடியிருந்தாள். ஸ்டாலின்கிராட்டில் உறைபனியாற் காயமுற்று, அவ்விடத்திலிருந்து கடைசியாகப் பறந்த விமானங்களுள் ஒன்றில் தப்பிய அவர், அவள் மரணச் செய்தியைக் கேட்டது வைத்தியசாலையில். ஷோல் குடும்பத்தோடு பேசுவதே ஆபத்தாயிருந்த நாட்களில், படையதிகாரியின் உடையிலேயே அவ்வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கு உதவினார். 1945ஆம் ஆண்டில் எலிசபெத்தை மணந்தார். பின்னர் சட்டம் பயின்று நீதிபதியானார். மேற்கு ஜேர்மனியிற் கட்டாய இராணுவ சேவை வந்தபோது, மனச்சான்றின் பொருட்டு ஆயுதமேந்த மறுத்த இளைஞர்களுக்கு ஆலோசனை கூறிவந்தார். அவர் 2001ஆம் ஆண்டில் இறந்தார். எலிசபெத், தம் நூறாவது வயது நிறைந்த மறுநாள், 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி கண்மூடினார்.